சோழமண்டலத்துச் சீட்டித்துணி டச்சு அருங்காட்சியகத்தில் ஏன் இருட்டில் இருக்கிறது?

2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து ஆறு பொருட்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறிய வெண்கலப் பீரங்கி. 1765-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்தபோது கவர்ந்துபோனது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தது. செய்தியைப் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக எழும். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் அதே கம்பெனி கோட்டை கட்டி உட்கார்ந்திருந்ததே, நம் கரையிலிருந்து போனவை எங்கே? அவையும் திரும்புமா?

போனவற்றில் ஒரு பெரும் பங்கு துணி. அந்தத் துணிகளுக்கும் கண்டிப் பீரங்கிக்கும் வழக்கு வேறு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தத் துணி எப்படிப்பட்டது, அங்கே எப்படிப் போனது, எப்படிக் காட்டப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சீட்டி என்பது எது?

டச்சுக்காரர்கள் இதை ‘சிட்ஸ்’ என்கிறார்கள். தமிழில் சீட்டி. பழைய தலைமுறையின் பேச்சில் இருந்த சீட்டிப் பாவாடையின் அதே சீட்டிதான். இந்தியில் சீண்ட், ஐரோப்பிய மொழிகள் பல அந்தச் சொல்லிலிருந்தே எடுத்துக்கொண்டன.

இன்று சீட்டி என்றால் அச்சடித்த பூப்போட்ட துணி என்று நினைக்கிறோம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை மயக்கிய உயர்ந்த வகைச் சீட்டி அச்சடித்ததல்ல. மூங்கில் எழுதுகோலால் கையால் தீட்டியது. துவைத்தாலும் போகாத சாயம் என்பதுதான் அதன் மவுசு. அன்றைய ஐரோப்பியருக்குக் கம்பளியிலும் பட்டிலும் சாயமேற்றத் தெரியும். பருத்தியில் பளிச்சென்ற சிவப்பை நிற்கவைக்கத் தெரியாது.

பூ எப்படித் துணியில் ஏறியது?

இது நமக்கு விவரமாகத் தெரிவதற்குக் காரணம், இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் ஆர்வம். 1734 வாக்கில் புதுச்சேரியில் இருந்த போலியே என்ற கடற்படை அதிகாரி, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். 1742-ல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாகப் பாரிசுக்கு எழுதினார். தொழில் ரகசியத்தைத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம். அன்றைய தொழில் உளவு இன்றைய வரலாற்றுக்குச் சான்றாகிவிட்டது.

சுருக்கமாக வேலையின் வரிசை இது:

1. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்து அதில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, மேலே தீட்டுவது பரவிக் கசியாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு, சாயம் பிடிக்க உதவும்.

2. துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கும்.

3. கறுப்புக் கோடுகளுக்கு இரும்புக் கரைசல். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். இவை சாயம் அல்ல, நிறமூன்றிகள்: சாயத்தை இழையோடு கட்டிப்போடும் பொருட்கள். படிகாரம் தீட்டிய இடத்தில் அப்போதைக்குச் சிவப்பே தெரியாது. துணியைச் சாயவேர் போட்டுக் கொதிக்கவைக்கும்போதுதான், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து வெளிப்படும்.

4. நீலத்துக்கு வழி தலைகீழ். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பிறகு வெந்நீரில் மெழுகு போய்விடும்.

5. கடைசியில் மஞ்சள் நிறம். அதை மட்டும் நேரடியாகத் தூரிகையால் பூசுவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. இலைகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

6. கஞ்சி போட்டு, சிப்பியால் தேய்த்து மினுக்கேற்றுவார்கள்.

ஐந்தாவது படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று அருங்காட்சியகத்தில் ஒரு சீட்டியை அருகில் நின்று பார்த்தால், சிவப்புப் பூக்கள் நேற்றுத் தீட்டியதுபோல் இருக்கும்; இலைகளோ நீலமாக இருக்கும். நீல இலை வரைய வேண்டும் என்று யாரும் விரும்பியதில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துப்போய், அடியில் இருந்த அவுரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. சில துணிகளில் இன்னொன்றும் தெரியும்: பூவின் கறுப்பு ஓரக்கோடு இருந்த இடத்தில் மெல்லிய கீறல்போல் துணியே இல்லை. இரும்பு, காலப்போக்கில் பருத்தி இழையை அரித்துவிடும். தீட்டிய அன்றே கோட்டுக்குள் அதன் அழிவும் இறங்கிவிட்டது.

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் எப்படி இவ்வளவு சீட்டி?

டச்சுக் கம்பெனி இந்தக் கரைக்கு வந்தது ஐரோப்பாவுக்குத் துணி வாங்க அல்ல. இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டும். அங்கே வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு. ‘சோழமண்டலக் கரை மொலுக்காஸின் இடது கை’ என்று 1612-லேயே கம்பெனி அதிகாரி ஹென்றிக் பிரௌவர் எழுதினார். ஐரோப்பியச் சந்தை பிறகு வந்தது. வந்ததும் பற்றிக்கொண்டது.

அது பற்றிக்கொண்ட வேகத்தில் அங்கிருந்த நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-ல் சீட்டியைத் தடை செய்தது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1701-ல் தீட்டிய துணியின் இறக்குமதிக்குத் தடை விதித்து, 1721-ல் அதை உடுத்துவதையே குற்றமாக்கியது, 1774-ல்தான் தளர்த்தியது. நெதர்லாந்து தடை செய்யவே இல்லை. வணிகர்கள் ஆண்ட நாடு. விற்று லாபம் பார்க்கும் சரக்கை அவர்கள் ஏன் தடுக்கப்போகிறார்கள்? மற்ற நாடுகளில் ஒளித்து உடுத்த வேண்டியிருந்ததை அங்கே வேலைக்காரப் பெண்வரை வெளிப்படையாக உடுத்த முடிந்தது. டச்சு அருங்காட்சியகங்களில் சீட்டி உடைகள் இத்தனை மிஞ்சியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நாட்டின் வடக்கே உள்ள ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக இறங்கியது. அங்குள்ள ஹிண்டலோப்பன் ஒரு சின்னத் துறைமுக ஊர். ஆண்கள் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்காகக் கப்பலோட்டினார்கள். அந்தச் சந்தையில் கிடைத்த இந்தியத் துணி ஊருக்கு வந்தது. பெண்கள் அதில் ‘வெண்ட்கே’ என்ற நீண்ட மேலங்கி தைத்துக்கொண்டார்கள். துக்கம் காக்கும்போது நீலமும் வெள்ளையும் மட்டுமே கொண்ட சீட்டி. மற்ற நாட்களில் சிவப்புப் பூக்கள். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும், அவற்றைத் தீட்டிய ஊரில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு குளிர் நாட்டில், யார் வீட்டில் சாவு என்று சொல்லும் மொழியாகிவிட்டன.

உடை எப்படிக் காட்சிப்பொருள் ஆனது?

ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் நீண்ட காலம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தன. ஒரு பக்கம் ஓவியம், சிற்பம், இவை கலை. மறு பக்கம் பீங்கான், வெள்ளிப் பாத்திரம், மரச்சாமான், துணி; இவை அலங்காரக் கலை அல்லது பயன்பாட்டுக் கலை. பின்னதற்குத் தனிக் கூடம், பெரும்பாலும் கூட்டம் குறைவான கூடம். பத்தாண்டு மூடிக்கிடந்து 2013-ல் திறந்த ரைக்ஸ் மியூசியம் இந்தக் கோட்டைத் தன் பங்குக்கு அழித்தது: நூற்றாண்டு வாரியாக ஓவியத்தையும் பெட்டியையும் துப்பாக்கியையும் ஒரே அறையில் வைத்தது. படத்தில் பட்டு அங்கியோடு நிற்கும் வணிகரின் பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஓவியம் மட்டும் சொல்லாது. பக்கத்திலுள்ள சரக்கு சொல்லும். என் கணிப்பில், பொருட்களைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சு அந்த நாட்டில் வேகமெடுக்க இப்படிப்பட்ட அடுக்குமுறையும் ஒரு காரணம்.

ஃபிரீஸ்லாந்தின் கதை வேறு. தலைநகரான லேவார்டனில் 1877-ல் ஒரு வரலாற்றுக் கண்காட்சி நடந்தது. அதில் ஹிண்டலோப்பன் வீட்டு அறை ஒன்றை முழுதாக அமைத்து, உடையணிந்த ஆளுயரப் பொம்மைகளை நிறுத்தினார்கள். கூட்டம் முண்டியடித்தது. மறு ஆண்டு அந்த அறை பாரிஸ் உலகக் கண்காட்சிக்கே போனது. 1881-ல் ஃபிரீஸ் அருங்காட்சியகம் திறந்தபோது உடைகள் அதன் இயல்பான பகுதியாக இருந்தன. அங்குள்ள சீட்டித் தொகுப்பை மையமாக்கி 2017-ல் ‘சீட்டி: பூத்த பருத்தி’ என்று பொருள்படும் பெயரில் பெரிய கண்காட்சி நடத்தினார்கள், 2021-ல் அது லண்டனுக்கும் போனது. மேலங்கிகள், படுக்கை விரிப்புகள், குழந்தைக் குல்லாய்கள், உட்புறம் சீட்டி வைத்துத் தைத்த அகன்ற வைக்கோல் தொப்பிகள். வெயிலில் நடக்கும்போது தொப்பியின் அடிப்பக்கப் பூ அடுத்தவர் கண்ணில் பட வேண்டும் என்பது கணக்கு.

ஐம்பது லக்ஸ் கணக்கு

இப்படி ஒரு காட்சி சில மாதம் நடக்கும். பிறகு துணிகள் கிடங்குக்குப் போய்விடும். அதன்பின் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், படத்தில் பார்த்த துணி எங்கே என்று தேடி ஏமாறுவது உண்டு. ஒளித்து வைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வருகிறது. காரணம் வெளிச்சம்.

வெளிச்சத்தின் அளவு லக்ஸ். உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ். நல்ல அலுவலக அறையில் 500 லக்ஸ். பழந்துணிக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக வைக்கும் வரம்பு 50 லக்ஸ். புற ஊதாக் கதிரை வடிகட்டி நீக்கிய பிறகு. நுழைந்தவுடன் இருட்டு என்று தோன்றும். கண் பழக வேண்டும் என்பதற்காக, முன் அறைகளிலேயே வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இவை:

1. சேதம் கூடிக்கொண்டே போகும். ஓய்வு கொடுத்தால் துணி தேறாது. கிடங்கில் வைப்பது சிகிச்சை அல்ல, செலவைத் தள்ளிப்போடுவது.

2. 50 லக்ஸில் இரண்டு மணி நேரமும் 100 லக்ஸில் ஒரு மணி நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கணக்கு ‘லக்ஸ்-மணி’யில்.

3. ஒரு காட்சி 26 வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 936 மணி நேரம். ஐம்பதால் பெருக்கினால் 46,800 லக்ஸ்-மணி. 500 லக்ஸ் அலுவலக அறையில் இதே அளவு 94 மணி நேரத்தில், அதாவது எட்டு மணி வேலை நாளாகப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். உச்சி வெயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.

4. எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. சாயவேரும் அவுரியும் தாக்குப்பிடிக்கும். மஞ்சள் முதலில் போகும். சோதிக்க, ‘நீலக் கம்பளி அளவு’ என்ற எட்டுப் பட்டை கொண்ட அட்டை உண்டு. ஒவ்வொரு பட்டையும் முந்தையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். காட்சிப் பெட்டிக்குள் ஓர் ஓரத்தில் அதை வைத்தால், எந்தப் பட்டைவரை வெளுத்தது என்பதிலிருந்து விழுந்த வெளிச்சத்தை மதிப்பிடலாம்.

மூன்றாவது கணக்கு முதலில் வேடிக்கையாகத் தோன்றும். கரையோரத்தில் நாள் கணக்காக வெயிலில் விரித்துக் காயவைத்த துணிக்கு, ஆறு மாத மங்கல் வெளிச்சத்துக்கா இத்தனை பயம்? அன்று காய்ந்தது புதுத் துணி. மஞ்சள் இன்னும் பூசப்படவில்லை. இன்று இருப்பது முந்நூறு ஆண்டில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்ட துணி. மிஞ்சியிருக்கும் மஞ்சளில் ஒவ்வோர் ஆண்டுக் காட்சியும் ஒரு பங்கைத் தின்னும்.

எடையும் ஒரு சிக்கல். அங்கியைத் தொங்கவிட்டால் தோள் தையல் கிழியும். அதனால் உடலளவுக்குப் பஞ்சு கட்டிய பொம்மையில்தான் மாட்டுவார்கள். பெரிய விரிப்புகளை மடித்தால் மடிப்பில் விரிசல் விழும். காட்சி இல்லாதபோது அமிலம் நீக்கிய தாளோடு சேர்த்து உருளையில் சுற்றி வைக்கிறார்கள். ராட்டர்டாமில் 2021-ல் போய்மான்ஸ் அருங்காட்சியகம் பொதுமக்கள் உள்ளே நடந்து பார்க்கக்கூடிய கிடங்கு ஒன்றைத் திறந்தது. சுமார் 1,51,000 பொருட்கள் அதில் உள்ளன. கிடங்கைப் பற்றிய சந்தேகத்துக்கு நல்ல பதில்தான். ஆனால் துணிக்கு அதிலும் சலுகை கிடையாது. கதவு திறந்தாலும் உருளை உருளையாகத்தான் இருக்கும்.

சிட்டையில் பெயர் ஏன் இல்லை?

காட்சிப் பெட்டியின் அருகில் உள்ள சிட்டையில் பெரும்பாலும் ‘சோழமண்டலக் கரை, 1725–1750’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். உடுத்தியவர் குடும்பம் தெரிந்தால் அதுவும் இருக்கும். தீட்டியவர் பெயர் இருக்காது.

மறைத்துவிட்டார்கள் என்பதல்ல, எழுதிவைத்தவர் யாருமில்லை. கம்பெனி உள்ளூர் வணிகர்களோடு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தது. வணிகர்கள் நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் வணிகர் பெயர் வரும், துணியின் ரகம் வரும், எண்ணிக்கை வரும். அதோடு சரி. சில துணிகளின் மறுபக்கத்தில் கம்பெனியின் முத்திரை இன்னும் தெரிகிறது. அந்தத் துணியில் உள்ள ஒரே கையெழுத்து வாங்கியவனுடையது.

‘சோழமண்டலக் கரை’ என்ற சொல்லும் ஏமாற்றும். டச்சுக்காரர்களுக்கு அது நாகப்பட்டினம் முதல் மசூலிப்பட்டினம் தாண்டி நீளும் கரை. உயர்ந்த ரகச் சீட்டிகளில் பல இன்றைய ஆந்திரக் கரையில் தீட்டப்பட்டவை. எல்லாம் தமிழர் கைவண்ணம் என்று சொல்லிவிட ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

பீரங்கி திரும்பியது, துணி திரும்புமா?

நெதர்லாந்தின் கொள்கை 2020 அக்டோபரில் வந்த ஆலோசனைக் குழு அறிக்கையிலிருந்து பிறந்தது. மறு ஆண்டு அரசு அதை ஏற்றது; 2022-ல் கோரிக்கைகளைப் பரிசீலிக்கத் தனிக் குழு அமைந்தது. 2023 ஜூலையில் முதல் முடிவு: இந்தோனேசியாவுக்கு 472, இலங்கைக்கு 6, மொத்தம் 478 பொருட்கள். விதிகளின் சாரம்:

1. டச்சுக் குடியேற்ற நாட்டில், உடையவர் விருப்பத்துக்கு மாறாகப் பறிபோனது என்று தேவையான அளவு உறுதியானால், நிபந்தனையின்றித் திருப்பித் தரப்படும்.

2. பறிபோனது என்று நிறுவ முடியாவிட்டாலும், அந்த நாட்டுக்குத் தனிச் சிறப்புள்ள பொருள் என்றால், இரு தரப்பு நலன்களையும் எடைபோட்டு முடிவெடுக்கப்படும்.

3. வேறொரு வல்லரசின் குடியேற்ற நாட்டிலிருந்து வந்தவற்றுக்கும் அதே எடைபோடும் முறை.

4. கேட்க வேண்டியது பிறப்பிட நாட்டின் அரசு. டச்சு அரசு தன் உடைமையைத்தான் தர முடியும்.

கண்டிப் பீரங்கி முதல் விதிக்குள் கச்சிதமாக அடங்கியது. லெவ்கே திசாவை என்ற பிரபு 1745 வாக்கில் கண்டி அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தது; அப்போது ஆண்டவர் நாயக்க மரபினரான ஸ்ரீ விஜய ராஜசிங்கர். இருபது ஆண்டு கழித்து, அடுத்த நாயக்க அரசர் காலத்தில், படையெடுப்பில் பறிபோனது. யார் கொடுத்தார், யாரிடம் இருந்தது, யார் எடுத்தார், எந்த ஆண்டு எல்லாம் தெரிந்த பொருள்.

சீட்டி காசு கொடுத்து வாங்கியது. முன்பணக் கட்டு எவ்வளவு இறுக்கமானது, விலை நியாயமா என்பது வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து விவாதிக்க வேண்டிய விஷயம்; ஆனால் கொள்ளை என்ற சொல் இங்கே பொருந்தாது, முதல் விதி உதவாது. நான்காவது விதியும் குறுக்கே நிற்கும். ஃபிரீஸ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது 1827-ல் அமைந்த ஒரு மாகாண வரலாற்றுக் கழகம், டச்சு அரசு அல்ல. உடைமையாளர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2025-ல் நைஜீரியாவுக்குத் திரும்பிப் போன, அங்கிருந்த பழைய பெனின் அரசின் 119 பொருட்களில் பார்க்கலாம்: 113-ஐ அரசு தந்தது, மீதி ஆறு ராட்டர்டாம் நகராட்சியின் சொத்து என்பதால் அதைத் தனியே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

நடைமுறையில் திறந்திருக்கும் வழி கடனாகப் பெறுவது. அதற்குக் கேட்கிற அரங்கம் காட்ட வேண்டியவை: 50 லக்ஸ் வெளிச்சம், ஏறக்குறைய 50 விழுக்காட்டில் நிலையாக நிற்கும் ஈரப்பதம், பூச்சித் தடுப்பு, காப்பீடு, பெட்டி திறக்கும்போதும் மூடும்போதும் உடன் நிற்கத் துணியோடு பயணம் செய்து வரும் ஓர் அலுவலர். வெளிச்சத்தைக் குறைப்பது எளிது. கடற்கரை நகரம் ஒன்றில், நவம்பர் மழையிலும் மின்வெட்டிலும், காட்சிப் பெட்டிக்குள் ஈரப்பதத்தை ஆறு மாதம் அசையாமல் வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான் செலவு பிடிக்கும்.